மூக்குப் பாரம்

அறுநூற்று எழுபத்தொரு கிலோ, அதாவது ஆயிரத்து நானூற்று எண்பது பவுண்டு, ஆட்களும் சாமான்களும் சேர்ந்து ஒருபோதும் இதற்கு மேல் போகக் கூடாது; ஒருபோதும் என்பதை மட்டும் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள், அந்த ஒரு சொல்லுக்காகவே கோமதி டிரக்கின் ஓட்டுநர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நாலாவது தடவையாக அந்த மஞ்சள் ஸ்டிக்கரைப் படித்தாள், இடுப்பில் தாமிரா, இரண்டரை வயது, கதவுப் பூட்டின் ஓட்டைக்குள் விரலை விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். மூன்று வருஷமாக இந்த டிரக் வாசலில் நிற்கிறது, மூன்று வருஷமாக இந்தக் கதவு திறந்து மூடுகிறது, சங்கர் அத்தான் ஒரு நாள்கூட இதைப் படித்திருக்க மாட்டார், அவர் படித்தது விளம்பரத்தில் இருந்த பெரிய எண்ணை, ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம் பவுண்டு இழுக்கும் என்ற எண்ணை, அதைச் சொல்லும்போதே அவருக்கு நெஞ்சு ஓர் அங்குலம் விரியும். இழுப்பது வேறு, சுமப்பது வேறு. மாடு வண்டியை இழுக்கும், அதற்காக வண்டியைத் தூக்கி மாட்டின் முதுகில் வைத்தால் என்ன ஆகும், இதை அவள் யாரிடமும் கேட்கவில்லை, தானாகவே கண்டுபிடித்தாள், கண்டுபிடித்த அன்று பயத்தோடு கூடவே ஒரு துள்ளலும் வந்தது, பரீட்சைத் தாளில் யாருக்கும் தெரியாத கேள்விக்குத் தனக்கு மட்டும் பதில் தெரிந்தது போல. இப்போதும் அதே துள்ளல்தான், வேண்டாம் என்று அதட்டினாலும் அடங்காமல். அவள் இங்கே வந்தது துள்ளுவதற்கு அல்ல. ரெட் டியர் ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையை ஒட்டி, டிரெய்லரை டிரக்கோடு இணைக்கும் ஹிட்ச் விற்கிற இந்தக் கடைக்கு, ஜூன் மாதச் சனிக்கிழமை காலையில், தலையை வாரிப் பின்னலிட்டுக்கொண்டு அவள் கிளம்பி வந்ததற்கு ஒரே காரணம், இந்த டிரக்குக்கு அந்த டிரெய்லர் ஆகவே ஆகாது என்று கடைக்காரன் வாயாலேயே வர வேண்டும் என்பதுதான். அவன் சொல்லிவிட்டால் அவள் சொல்ல வேண்டியதில்லை. அத்தான் முகம் விழுவது அவளால் ஆகாமல் போகும். ஆறு மாதமாக அவர் ராத்திரிச் சாப்பாட்டில் பேசுவது மலைகளைப் பற்றித்தான், பனி உருகிய ஏரிகளைப் பற்றித்தான், டிரெய்லருக்குள் தாமிராவுக்கென்று தனிக் கட்டில் இருப்பதைப் பற்றித்தான், வருகிற வெள்ளிக்கிழமை கிளம்புவது என்று அலுவலகத்தில் லீவுகூடச் சொல்லியாயிற்று. அவளோ டிரெய்லரை வாங்கி இழுத்து வந்த நாளிலிருந்து மனசுக்குள் சத்தியம் செய்து வைத்திருக்கிறாள், இந்தப் பிள்ளையை இனி அதன் முன்னால் கட்டிய வண்டியில் ஏற்ற மாட்டேன் என்று. அவருக்குத் தெரியாது. இன்று காலை டிரெய்லரை வைத்திருந்த வாடகை மைதானத்திலிருந்து இருநூறு கஜம் தள்ளியிருக்கும் இந்தக் கடைக்கு அவர் இழுத்து வந்தபோது, பிள்ளை மஞ்சள் பூ பறிக்க ஆசைப்படுகிறாள் என்று சொல்லிவிட்டுப் புல்லோரமாக நடந்தே வந்தாள். அந்த இருநூறு கஜத்துக்குக்கூட.

டிரெய்லர் முற்றத்தில் வெள்ளையாக நின்றது, இருபத்தொன்பது அடி, ஒரு சின்ன வீடு, சின்னது என்றா சொல்வது, பாளையங்கோட்டையில் அவள் பிறந்த வீட்டைவிட இதில் ஜன்னல்கள் அதிகம். அதைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கிறது, அதுதான் கொடுமை, சிறிய அடுப்பு மூன்று கண், இழுத்தால் மேசை ஆகிற பலகை, மழை பெய்தால் கூரைத் தகரத்தில் சத்தம் கேட்கும் என்று விற்ற அம்மாள் சொன்னாள், அந்தச் சத்தத்தைக் கோமதி ஏற்கெனவே கேட்டுவிட்டாள், மனசில், ஏரிக்கரையில், கையில் காப்பி. பிறகு உடனே அந்தக் கண்ணாடி ஞாபகம் வரும். ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடியில் டிரெய்லரின் விலாப்புறம் தெரியும், அது மறைந்து எதிர்ப்பக்கக் கண்ணாடியில் தெரியும், மறுபடி இந்தப் பக்கம், வெள்ளையாக ஒரு சுவர் வந்து வந்து போவது போல. மூன்று வாரத்துக்கு முன்னால் கால்கரிக்குத் தெற்கே ஒரு பண்ணை வீட்டில் அதை வாங்கிக்கொண்டு வடக்கே வந்த நாள். இசக்கி அண்ணாச்சி இரவல் கொடுத்த, டிரக்கின் பின்னால் பொருத்துகிற சாதாரண இரும்புக் குண்டில் மாட்டி வந்தார்கள், காற்றுகூடப் பெரிதாக இல்லை. ஒரு பெரிய சரக்கு லாரி கடந்து போனது, அவ்வளவுதான், பின்னால் யாரோ டிரக்கின் இடுப்பைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளின மாதிரி இருந்தது, பிறகு மறுபக்கம் ஒரு தள்ளு, பிறகு இன்னும் பெரிதாக. வண்டி முழுவதும் வாலுக்குக் கட்டுப்பட்டுப் போயிற்று. அவள் பின்சீட்டில் பிள்ளையின் பக்கத்தில் இருந்தாள், கை தானாகப் பிள்ளையின் மார்புக்குக் குறுக்கே போயிற்று, ஏதோ அந்தக் கை ஆறாயிரம் பவுண்டை நிறுத்திவிடும் என்பது போல, வாயில் வந்ததோ முருகனும் இல்லை காந்திமதியும் இல்லை, பன்னிரண்டு வருஷம் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வரிசையில் நின்று சொன்ன மரியே வாழ்க ஜெபம், அதுவும் இங்கிலீஷில். அத்தானுடைய கழுத்து மட்டும் தெரிந்தது, சிவந்து, நரம்பு புடைத்து. எத்தனை வீச்சு, ஆறா ஏழா, எட்டாவதில் எப்படியோ வேகம் குறைந்து அடங்கிற்று. அடங்கினதும் தாமிரா கைதட்டிச் சிரித்து, இன்னொரு தடவை என்றாள். ஊஞ்சல் என்று நினைத்திருக்கிறாள். இன்னொரு தடவை, இன்னொரு தடவை. வீடு வந்து சேரும் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தாள். அன்றிலிருந்து ராத்திரி பிள்ளை தூங்கின பிறகு கோமதிக்கு இதே படிப்புதான், கோடு போட்ட நோட்டு, இடப்பக்கம் சிவப்பு பென்சிலில் மார்ஜின், டிரெய்லர் ஏன் ஆடுகிறது, எந்த ஹிட்ச் என்ன செய்யும், பயம் வந்தால் அவளுக்குக் கையெழுத்து இன்னும் அழகாகிவிடும், கான்வென்டில் படித்த பிள்ளைகளின் வியாதி அது.

கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனாள். கிரீஸ் வாசம், ரப்பர் வாசம், எங்கோ காப்பி தீய்ந்த வாசம். சுவர் நிறைய ஹிட்சுகள் தொங்கின, கறுப்பாக, கனமாக, பளபளவென்று, அம்மா, எத்தனை அழகு, இரும்பைப் பார்த்து இப்படி மனசு பொங்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள், மூன்று வாரம் படத்தில் பார்த்ததையெல்லாம் கிட்டத்தில் பார்க்கிறாள், கல்யாணத்துக்கு முன்னால் போட்டோவில் மட்டும் பார்த்த ஆளை நேரில் பார்த்த மாதிரி. இது வெறும் குண்டு, இதுதான் அண்ணாச்சியுடையது போன்றது, டிரெய்லரின் மூக்கு அதன் மேல் உட்காரும், அவ்வளவுதான் அதன் வேலை. அது சங்கிலியும் உருட்டுக் கம்பியும் உள்ளது, அதோடு ஆட்டத்தைப் பிடிக்கத் தனியாக ஒரு தண்டு மாட்ட வேண்டும். அந்த மூன்றாவது, அதுதான், இரண்டு சதுரக் கம்பிகள் தாங்கியின் மேல் படிந்து உட்காருகிறது, பாரத்தையும் பகிரும், உரசி உரசி ஆட்டத்தையும் பிடிக்கும். அதன் படத்தை அவள் நோட்டில் வரைந்து வைத்திருக்கிறாள், பாகங்களுக்கு அம்புக்குறி போட்டு. கடைக்காரர் பெயர் டாரன், ஐம்பது வயது இருக்கும், முழங்கை வரை கிரீஸ் கறை, அவர் அத்தானிடமும் அண்ணாச்சியிடமும் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார், டிரெய்லரின் மூக்கு டிரக்கின் பின்பக்கத்தை அமுக்கும், பின்பக்கம் அமுங்கினால் முன்பக்கம் எழும்பும், முன்சக்கரம் லேசாகிவிட்டால் ஸ்டியரிங் சொன்ன பேச்சுக் கேட்காது, இந்தக் கம்பிகள் நெம்புகோல் மாதிரி நின்று பாரத்தில் கொஞ்சத்தை முன்சக்கரத்துக்கும் கொஞ்சத்தை டிரெய்லரின் சொந்தச் சக்கரத்துக்கும் தள்ளிவிடும் என்று. அண்ணாச்சிக்கு இதில் சம்மதமில்லை. இசக்கி அண்ணாச்சி மேலப்பாளையத்துக்காரர், கோமதிக்கு உறவில்லை, ஆனால் இந்த ஊரில் முதலில் வந்து இறங்கிய தமிழர் என்ற வகையில் எல்லார் வீட்டு விஷயத்திலும் அவருக்கு ஒரு நாற்காலி உண்டு. அவர் ஒரு கம்பியைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு அத்தானிடம் சொன்னார், "எலே சங்கரு, நாலு சக்கரம் அதுக்கு இருக்கு, நாலு சக்கரம் இதுக்கு இருக்கு, நடுவுல என்னத்துக்குலே இத்தனை நகை நட்டு? சம்பந்தி வீட்டுச் சீரா?" அத்தான் சிரித்தார், சிரித்துவிட்டு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஏதோ இருந்தது, கேள்வி மாதிரி, அவள் அதைப் பிடிப்பதற்குள் கண்ணை எடுத்துவிட்டார். அன்னைக்குக் காற்றுதான், வேறொன்றுமில்லை என்று இந்த மூன்று வாரமும் சொல்லிக்கொண்டிருப்பவர். அண்ணாச்சியும் அவர் மனைவியான மதினியும் வெள்ளிக்கிழமை இதே டிரக்கில் பின்சீட்டில் வருவதாக ஏற்பாடு, அண்ணாச்சி இருநூற்று இருபது பவுண்டுக்குக் குறைய மாட்டார், மதினியும் சளைத்தவள் இல்லை, கோமதியின் கண் அவர் வயிற்றிலேயே நின்றது, பாவம், எடை மெஷின் மாதிரிப் பார்க்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

டாரன் ஒரு காகிதத்தை எடுத்தார், டிரக்கின் கதவில் உள்ள எண் தெரியுமா என்று கேட்டார். அத்தான் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம் என்று ஆரம்பித்தார். ஆயிரத்து நானூற்று எண்பது என்றாள் கோமதி, குரல் அவளுக்கே அதிகமாகக் கேட்டது, வகுப்பில் எழுந்து நின்று சொல்கிற குரல், இன்னும் கொஞ்சம் போனால் கையைக்கூடத் தூக்கியிருப்பாள். டாரன் முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தார், இந்தக் கேள்விக்குப் பத்தில் ஒருவர்தான் பதில் சொல்லுவார்கள் என்றார், பேனாவை அவளிடமே நீட்டினார். இதுதான் அந்தக் கணம். இங்கேதான் கணக்கு மீறிப் போக வேண்டும், மீறும், மீறிவிட்டால் எல்லாம் முடிந்தது, வீட்டுக்குப் போய்ச் சாம்பார் வைக்கலாம். பிள்ளையை அத்தான் வாங்கிக்கொண்டார். சாமான் எல்லாம் ஏற்றினால் டிரெய்லர் ஏழாயிரத்து இருநூறு, அதில் எட்டில் ஒரு பங்கு மூக்கில் உட்கார வேண்டும், தொள்ளாயிரம். ஹிட்சே நூறு. அத்தான் நூற்று எண்பத்தைந்து, அவள் நூற்று முப்பத்தைந்து, தன் எடையைக் கடைக்காரர் முன்னால் எழுதும்போது ஒரு பவுண்டுகூடக் குறைக்கவில்லை, பிள்ளையும் அவள் சீட்டும் ஐம்பது. கூட்டினாள். மறுபடி கீழிருந்து மேலாகக் கூட்டினாள். ஆயிரத்து முந்நூற்று எழுபது. நூற்றுப் பத்து மிச்சம். மீறவில்லை. மீறவில்லையே என்று மனசில் ஒரு பக்கம் இடிந்து உட்கார்ந்தது, இன்னொரு பக்கம், அந்தத் துரோகிப் பக்கம், எழுந்து குதித்தது, ஏரி, கூரையில் மழை, போகலாம், போகலாம், எண் ஒத்துக்கொண்டுவிட்டது. ஆனால் அண்ணாச்சி? நூற்றுப் பத்தில் அண்ணாச்சியின் பாதி ஆள்கூட ஏற முடியாது. அவள் காகிதத்தை மேசையில் திருப்பி வைத்தாள், அண்ணாச்சி குனிந்து பார்த்தார், விரலை ஒவ்வொரு எண்ணாக வைத்து இறங்கினார், கடைசியில் நின்றது. இதுல என் பேரைக் காணலையே தங்கச்சி என்றார். நீங்க பின்னால உங்க காரில வாங்க அண்ணாச்சி, மதினியும் காலை நீட்டிக்கிடலாம் என்று அவள் மெதுவாகச் சொன்னாள். அவர் தன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டு, இத்தனை வருஷமா இவ தோசை சுட்டுப் போட்டது இதுக்குத்தானா, மலைக்குப் போறதுக்கு மருந்துக் கடை தராசில நிறுத்துதாளே என்று அத்தானிடம் முறையிட்டார். ஆனால் அதற்குப் பிறகு நகை நட்டு என்று பேசவில்லை.

அப்போதுதான் டாரன் கேட்டார், மிகச் சாதாரணமாக, ஒரு திருகை விரலில் உருட்டிக்கொண்டே, அன்றைக்கு ஆடிற்று என்கிறீர்களே, அன்றைக்கு டிரெய்லருக்குள் என்ன இருந்தது என்று. ஒன்றும் இல்லை, காலி என்றார் அத்தான். ஆமாம் காலி என்று கோமதியும் சொல்ல வாயெடுத்தாள், வாய் திறந்தபடியே நின்றது. காலி இல்லை. அரிசி. கால்கரி வரைக்கும் போறிய, அங்கே இட்லி அரிசி வந்திருக்கு, பெரிய டிரெய்லர் காலியாத்தானே வருது என்று அண்ணாச்சிதான் சொல்லியனுப்பினார், ஊரில் உள்ள தமிழ்க் குடும்பங்கள் ஆறுக்கும் வீட்டுக்கு ரெண்டு மூட்டை, பன்னிரண்டு மூட்டை, மூட்டைக்கு நாற்பது பவுண்டு, அதோடு ரெண்டு வெட் கிரைண்டர், கல்லோடு. அரிசிக் கடைப் பையன்கள் எங்கே வைக்கட்டும் என்று கேட்டபோது அத்தான் கட்டிலின் மேல் வையுங்கள் என்றார், முன்பக்கத்தில்தான் பெரிய கட்டில். அவள்தான் ஓடிப்போய்த் தடுத்தாள். படுக்கையில் கொண்டுபோய் அரிசியை வைப்பார்களா, புது மெத்தை, அடுக்களையில் அடுக்குங்கள் என்றாள். அந்த டிரெய்லரில் அடுக்களை இருப்பது ஆகக் கடைசியில், பின்சுவரை ஒட்டி. கீழே ஆறு, மேலே ஆறு, மூட்டையின் வாய் ஒரே பக்கம் பார்க்கும்படி அடுக்கவைத்து, எத்தனை லட்சணமாக இருக்கிறது என்று நின்று பார்த்தாள், போட்டோகூட எடுத்தாள். ஐந்நூற்று அறுபது பவுண்டு வாலில். வால் அமுங்கினால் மூக்கு எழும்பும். அவளுக்கு அங்கேயே, அந்தக் கிரீஸ் வாசத்தின் நடுவில், காது ரெண்டும் சூடேறிற்று. நோட்டில் எழுதியிருக்கிறாளே, தன் கையால், மூன்றாம் பக்கத்தில், சிவப்புக் கோடு போட்டு, பின்பாரம் கூடினால் ஆட்டம் வரும் என்று, எழுதினவளுக்கு அரிசி ஞாபகம் வரவில்லையே, சாமான் என்றால் நாற்காலி, கூடாரம், சைக்கிள் என்று அந்த ஊர்க்காரர்கள் போட்ட பட்டியலைத்தான் படித்தாள், அரிசியை யாரும் சாமான் என்று எழுதவில்லை, அரிசி வீட்டில் இருப்பது, அது எப்படிச் சுமை ஆகும். டாரனிடம் இங்கிலீஷில் சொன்னாள், எண்களை மட்டும். அவர் மேசையில் ஒரு பென்சிலை விரல் மேல் நிறுத்தி, அதன் வால் பக்கத்தில் ஒரு திருகை வைத்தார், மூக்கு மேலே போயிற்று. அறுநூற்றைம்பது இருந்திருக்க வேண்டிய மூக்குப் பாரம் பாதிதான் இருந்திருக்கும், வீடு போய்ச் சேர்ந்ததே பெரிது என்றார். பிறகு அவள் அத்தான் பக்கம் திரும்பி, அவர் சட்டைப் பித்தானைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், "நான்தான் அத்தான். நீங்க கட்டில்ல வைக்கச் சொன்னிய. நான்தான் பின்னால அடுக்க வச்சேன்." அவர் பிள்ளையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார். அண்ணாச்சி சுவரில் தொங்கிய ஹிட்சுகளை எண்ணத் தொடங்கிவிட்டார். கடைசியில் அத்தான் மெல்லச் சொன்னார், "ஆட ஆரம்பிச்சதும் நான் பயந்து போயி பிரேக்கை ஓங்கி மிதிச்சேன் கோமு. மிதிச்சதுலதான் கூடிப் போச்சு. அதை எப்படி உன்கிட்ட சொல்லுதது." மூன்று வாரம். ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு, நடுவில் பிள்ளை, அந்தப் பக்கம் அவர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்திருக்கிறார், இந்தப் பக்கம் இவள் மார்ஜின் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். சிரிப்பு வந்தது அவளுக்கு. அழுகைதான் வரும் என்று நினைத்துத் தயாராகத்தான் இருந்தாள். காற்று இல்லை, விதி இல்லை, அந்த வெள்ளை வீட்டுக்கு இவர்கள் மேல் கோபம் இல்லை, ஐந்நூற்று அறுபது பவுண்டும் ஒரு மிதியும், அவ்வளவுதான், பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய இரண்டு விஷயங்கள். அது தெரிந்ததும் உடம்பு முழுவதும் ஏதோ ஓடிற்று, எறும்பு ஊர்கிற மாதிரி, சோடா குடித்த மாதிரி. அவள் சுவரிடம் போய், மூன்றாவதைக் காட்டி, இது என்றாள். கூடவே பிரேக் பெட்டி, ஓட்டுகிறவர் கைக்கு எட்டும்படி, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் தனியாக அமுக்குகிற பிடி உள்ளது. அதையும் நோட்டில் வரைந்திருந்தாள்.

மாட்டுவதற்கு இரண்டு மணி நேரம் ஆகும் என்றார் டாரன், அந்த இரண்டு மணி நேரமும் கோமதி உட்காரவில்லை. டேப்பை அவளிடம் கொடுத்தார்கள். தரையிலிருந்து முன்சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவு வரைக்கும் அளக்க வேண்டும், முழங்கால் போட்டு உட்கார்ந்தாள், உட்கார்ந்ததும் அந்த வராந்தா வந்துவிட்டது, திங்கட்கிழமைக் காலை, முழங்கால் போட்டு வரிசையாகப் பிள்ளைகள், பினஃபோரின் விளிம்பு தரையைத் தொடுகிறதா என்று மரஸ்கேலோடு சிஸ்டர் வருகிற செருப்புச் சத்தம், அரை அங்குலம் குறைந்தாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார், அந்த அரை அங்குலத்துக்காக எத்தனை ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அழுதிருக்கிறாள், இப்போது பார், ஸ்கேல் அவள் கையில், வண்டி முழங்கால் போட்டு நிற்கிறது. டிரெய்லர் இல்லாமல் முப்பத்தேழே முக்கால். மூக்கை வெறுமனே உட்கார வைத்ததும் முப்பத்தொன்பதே கால், ஒன்றரை அங்குலம் முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது டிரக், சரியாக அளக்கவே டயர்களில் காற்றழுத்தம் பார்த்து, தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, முன்பெட்டியில் சாமான் எடைக்குக் கல் மூட்டைகளை வைத்து, பயணத்துக்குக் கிளம்புகிற மாதிரியே ஏற்பாடு பண்ணியிருந்தார் டாரன். பிறகு கம்பிகளை நெம்பித் தாங்கியில் ஏற்றினார்கள், இரும்பு முனகிற்று, அண்ணாச்சிகூடக் கை கொடுத்தார். முப்பத்தெட்டே முக்கால் என்றாள் கோமதி. போதாது, பாதிக்கு மேல் இறங்க வேண்டும் என்று ஒரு வாஷரைக் கூட்டினார் டாரன், மறுபடி கழற்றி, மறுபடி ஏற்றி. முப்பத்தெட்டரை. இன்னொன்று. தாமிரா அவள் பக்கத்திலேயே முழங்கால் போட்டு உட்கார்ந்து ஒரு மஞ்சள் பூவை வைத்து டயரை அளந்துகொண்டிருந்தாள். முப்பத்தெட்டே கால். முன்பக்கம் தலை தாழ்ந்து, பின்பக்கம் நிமிர்ந்து, டிரக்கும் டிரெய்லரும் ஒரே பலகை மாதிரி நின்றன. கோமதி இரண்டு தடவை அளந்தாள், பக்கத்துச் சக்கரத்திலும் அளந்தாள், எழுந்தபோது முழங்காலில் சரளைக்கல் பதிந்திருந்தது, வலிக்கவே இல்லை.

முதல் ஓட்டத்துக்குக் குடும்பத்தை ஏற்ற வேண்டாம், ஓட்டுகிறவர் மட்டும் என்னோடு வரட்டும் என்றார் டாரன். அத்தான் சாவிக்காகப் பையில் கை விட்டார். கை உள்ளே போன விதம், தேடுகிற மாதிரித் தேடாமல் இருந்த விதம், அதை அவள் பார்த்தாள். நான் ஓட்டுதேன் என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது, இந்த டிரக்கைக் கடைக்கும் பிள்ளையின் ஆஸ்பத்திரிக்கும் ஓட்டியிருக்கிறாள், பின்னால் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு அல்ல. அத்தான் சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவரே மடக்கிவிட்டார். சீட்டை முன்னால் இழுத்தாள், கண்ணாடிகளைத் திருப்பினாள், இரண்டு கண்ணாடியிலும் வெள்ளைச் சுவர் ஒரு கீற்று, இந்தப் பக்கம் ஒரு கீற்று, அந்தப் பக்கம் ஒரு கீற்று, அது அப்படியே இருக்கட்டும், அசையாமல் இருக்கட்டும். முற்றத்தைத் தாண்டும்போது நடையைவிட மெதுவாகப் போனாள். சாலை ஏறினாள். ஐம்பது. அறுபது. ஸ்டியரிங்கில் ஒரு கனம் இருந்தது, கை குலுக்கும்போது எதிராளி அழுத்திப் பிடிக்கிற கனம், அன்று பின்சீட்டிலிருந்து பார்த்த அந்தக் கழுத்துக்கு இது கிடைக்கவில்லை, அன்று அவர் கையில் வெறும் காற்றைத்தான் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார், எத்தனை தனியாக இருந்திருப்பார் அந்த எட்டு வீச்சும். எண்பது. இருபுறமும் மஞ்சள் கடுகு வயல், வானம் ஏகத்துக்குத் திறந்து கிடக்கிறது. தொண்ணூறு. இப்போது வேண்டுமென்றே ஸ்டியரிங்கை ஒரு நொடி அசைத்துப் பார் என்றார் டாரன். மாட்டேன் என்றது உடம்பு. கை அசைத்தது. பின்னால் அது ஒரு தரம் தோளைக் குலுக்கிற்று, அவ்வளவுதான், இடப்பக்கக் கீற்று அகன்று, பழைய இடத்துக்கே வந்து நின்றது. மூச்சை விட்டாள். இன்னொரு முறை அசைத்தாள், அவர் சொல்லாமலே. மறுபடி தோள் குலுக்கல், மறுபடி அமைதி. பிரேக் பிடியை மட்டும் அமுக்கு என்றார். அமுக்கினாள், பின்னாலிருந்து யாரோ சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்த மாதிரி டிரெய்லர் நேராக இழுத்துப் பிடித்தது, அன்று இது வண்டியில் இருந்து, தெரிந்தும் இருந்தால் காலைத் தூக்கிவிட்டு இதை மட்டும் அமுக்கியிருக்கலாம், இப்போது தெரியும், அத்தானுக்கும் காட்டித் தர வேண்டும், இன்றைக்கே, அவர் கையை எடுத்து வைத்து. இரும்பு கம்பியில் உரசி எங்கோ கிர்ரென்றது, பழகாத புதுச் செருப்பின் சத்தம் மாதிரி, அது நல்ல சத்தம் என்றார் டாரன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், எப்போது ஆரம்பித்தாள் என்று தெரியவில்லை, பல்லில் காற்றுப் பட்டது. பயம் போயிற்றா என்றால் போகவில்லை, பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருக்கிறது, ஆனால் சீட் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. தானியக் கிடங்கின் பெரிய மைதானத்தில் அகலமாகத் திருப்பினாள், வாலுக்கு இடம் விட்டு, வாலை மறக்காமல், திரும்பி வரும்போது நூறு.

கடை வாசலில் அத்தான் பிள்ளையோடு வெயிலில் நின்றுகொண்டிருந்தார், நெற்றியில் கை வைத்து, தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டு வந்திருப்பார் போலிருக்கிறது. பிள்ளையின் சீட் பக்கத்தில் அண்ணாச்சி அதைத் தன் சொந்தப் பெட்டி மாதிரிக் காவல் காத்துக்கொண்டு நின்றார், கிளம்பும்போது டாரன் அதைக் கழற்றி வெளியே வைத்திருந்தார். கோமதி நிறுத்தினாள். டாரன் இறங்கிக்கொண்டார். அத்தான் ஓட்டுநர் ஜன்னல் பக்கம் வந்தார், எப்படி இருக்கு என்று கேட்கவில்லை, அவள் முகத்தையே பார்த்தார், அவர் நிற்கிற நிற்பில் தெரிந்தது, வேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்த வெள்ளையை இங்கேயே விட்டுவிட்டுப் போக அவர் தயார், அதைச் சொல்லிக் காட்டாமல் தயார். மூன்று வாரமாகத் தொண்டையில் வைத்திருந்த வார்த்தை அதுதான். தேடிப் பார்த்தாள், அங்கே வேறு எதுவோ இருந்தது. எஞ்சினை அணைக்காமலே கையைப் பின்னால் நீட்டிப் பின்கதவைத் திறந்துவிட்டாள்.

"சீட்டை மாட்டுங்க அத்தான். பெல்ட்டை நான் ஒரு தரம் இழுத்துப் பாக்கணும். பிள்ளையை ஏத்துங்க."